கிளாஸ் ஏன் வேர்க்குது?

சர்பத் கரைப்பது லேசான வேலை. குடிக்க வருகிற ஆக்களின் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் பெரிய கரைச்சல். கடை வைத்து அவதிப்படுகிற உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

அந்த வருஷம் குளம் வற்றி, வயல் விதைக்க வழியில்லாமல் போயிற்று. என் மனுசன், இவர், ஆனையிறவு உப்பளத்துக்குக் கூலிக்குப் போகிறேன் என்று நின்றார். காட்டோரக் குடியேற்றத்தில் கைக்குழந்தையோடு தனியே இருக்க எனக்குப் பயம். அழுது மன்றாடி, பஸ் நிற்கிற மரத்தடியில் ஒரு சர்பத் கடை போடச் சம்மதிக்க வைத்தேன். கடை ஓடினால் இவர் நிற்பார், ஓடாவிட்டால் உப்பளம். காலை பஸ்ஸில் வவுனியாவிலிருந்து ஐஸ் கொண்டுவருவது இவர் பொறுப்பு. கடையில் நிற்பது நான். எனக்கோ பிற ஆம்பிளையளின் முகம் பார்த்துக் கதைத்துப் பழக்கமில்லை. படிப்பும் ஐந்தாம் வகுப்போடு சரி.

ஐசுக்கு ஏன் சாக்கு?

ஐசை உமிக்குள் வைத்துச் சாக்கால் சுற்றி வைப்போம். ஒருநாள் பிள்ளைக்குப் பால் கொடுக்கக் தென்னோலைக் கிடுகு மறைப்புக்குப் பின்னால் போனேன். திரும்பி வந்தால் சாக்கு ஒரு பக்கம், உமி ஒரு பக்கம். ஐஸ் தேங்காயளவில் பலகையில் கிடந்து சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்துக் காணிக் கந்தையா அண்ணை விசிறியால் அதற்கு விசிறிக்கொண்டு நின்றார்.

அவரிலும் பிழை சொல்ல ஏலாது. ஊறவைத்த விதைநெல்லைச் சாக்கில் கட்டி வைத்தால் கை வைக்க ஏலாமல் சுடும். அது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். சுடுவது சாக்கு என்று நினைத்துவிட்டார். முளைக்கிற நெல்லுக்குத் தன் சூடு இருக்கிறது, அதைச் சாக்கு வெளியே விடாது. ஐசுக்கோ வெளிச்சூட்டை உள்ளே விடாது என்று நிலத்தைப் பார்த்தபடி சொன்னேன். அவர் விசிறியைக் கீழே வைத்தார்.

"பாவம், அதுக்குப் புழுங்குதாக்கும் எண்டுதான் பிள்ளை அவிட்டு விட்டனான்."

ஐஸ் கரைந்தால் கிளாஸ் வழியுமா?

முல்லைத்தீவிலிருந்து சைக்கிளில் துணி கொண்டுவரும் முஸ்லிம் நானா ஒருவர் வெறும் ஐஸ் தண்ணீர்தான் குடிப்பார். ஒருநாள் விளிம்புவரை நிரப்பிக் கொடுத்தேன். ஐஸ் மேலே எட்டிப்பார்த்தது. "தங்கச்சி, இது கரைஞ்சா வழிஞ்சு என்ட துணியெல்லாம் நனையுமே" என்றார். வழியாது நானா, கரைந்தால் ஐஸ் சுருங்கும், தாழ்ந்திருந்த இடத்துக்குள்ளேயே அடங்கிவிடும் என்றேன். அவர் நம்பவில்லை. கிளாசைப் பலகையில் வைத்து, துணி மூட்டையைத் தூர நகர்த்திவிட்டு, குந்தியிருந்து பார்த்தார். ஐஸ் முழுக்கக் கரைந்தது. தண்ணீர் விளிம்போடு நின்றது.

"நீங்க சொன்னது சரிதான் தங்கச்சி, ஆனா இப்ப ஐசுமில்ல, தாகமும் போகல்ல."

கிளாஸ் ஒழுகுதா?

இதுதான் என்னைக் கொல்லப் பார்த்த கேள்வி. பஸ் கொண்டக்டர் சர்பத்தைக் கையில் வாங்கினார்; கிளாசின் வெளிப்பக்கம் முழுக்கத் தண்ணீர். "எல்லாம் வெடிச்ச கிளாஸ், ஒழுகுது. கண்ணாடித் துண்டு வயித்துக்கை போனால் தெரியும்" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சத்தமாய்ச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு ஒருவரும் இறங்கவில்லை. ஐஸ் சும்மா கரைந்தது. இவர் உப்பளத்துக்குப் போக வேட்டியை மடித்துத் துணிப்பையில் வைத்தார்.

அடுத்த நாள் மத்தியான பஸ் வந்ததும், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஐஸ் போட்ட சர்பத்தோடு பஸ் வாசலுக்கே போனேன்.

"தம்பி, உள்ளுக்கை இருக்கிறது சிவப்பு. ஒழுகினால் சிவப்பெல்லோ ஒழுகவேணும்? இதைத் தொட்டு நக்கிப் பாருங்கோ, இனிக்குதோ எண்டு."

அவர் விரலால் வழித்து நாக்கில் வைத்தார். இனிப்பில்லை. காற்றில் கண்ணுக்குத் தெரியாத ஈரம் இருக்கிறது, குளிர்ந்த கிளாசில் பட்டால் அது தண்ணீராகி ஒட்டும் என்றேன். ஐஸ் விற்கிறவர் இவருக்குச் சொல்லி, இவர் எனக்குச் சொன்னது அது. பஸ் முழுக்க என்னையே பார்த்தது. கொண்டக்டர் உள்ளே திரும்பினார்.

"இறங்கிக் குடியுங்கோ, கிளாஸ் ஒழுகேல்லை, அக்கான்ரை கைதான் நடுங்குது."

இவர் கேட்டது

அன்று பின்னேரம் சர்பத் போத்தல் காலி. நான் கிளாசுகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். இவர் துணிப்பையைத் திறந்து வேட்டியை எடுத்தார். உப்பளத்துக்குத்தான் வெளிக்கிடுகிறார் என்று நினைத்தேன். பார்த்தால், அதை மரக்கொப்பில் பிள்ளைக்கு ஏணையாகக் கட்டுகிறார். பிள்ளையைக் கிடத்தி ஆட்டியபடி, என்னைப் பாராமலே கேட்டார்.

"இஞ்சேரும், நாளைக்குக் கொஞ்சம் பெரிய கட்டியாய்க் கொண்டரட்டோ?"

மாரி வந்து குளம் நிரம்பி இவர் வயலில் இறங்கும்வரை கடை ஓடியது. அதற்குள் நான் ஊராரோடு கதைத்த கதை, கலியாணம் முடித்த நாள் முதல் இவரோடு கதைத்ததைவிடக் கூடுதல்.