ராஜாவுக்கு வைத்த கொள்ளு

ஓசூரில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை விடுவதுதான் எங்கள் பிழைப்பு. எங்கள் ஆண்குதிரை ராஜாவுக்கு ஒரு விதைக்கொட்டை கீழே இறங்காமல் வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்டதால், அது அடங்காமல் திரிந்தது. "சின்னத் துளை போட்டு எடுத்துடலாம். முந்தின நாள் தீனி வைக்காதீங்க, குடல் உப்பியிருந்தா கருவி குத்திடும்" என்றார் பெங்களூரு டாக்டர்.

கட்டிப்போட்ட சீவனைப் பட்டினி போட்டுவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் வயிறு நிறையக் கொள்ளும் புல்லும் வைத்தேன்.

"ஏதாச்சும் தின்னுச்சா?" என்று மறுநாள் டாக்டர் கேட்டபோது, "ஒரு வாய்கூட இல்லைங்க" என்றார் வீட்டுக்காரர். நான் வாயே திறக்கவில்லை.

கருவி குடலைக் குத்திவிட்டது. மூன்று நாள் சுவரில் தலையை முட்டி முட்டி ராஜா செத்தது. வீட்டுக்காரர் டாக்டரைத் திட்டித் தீர்த்தார்.

இப்போதுள்ள குதிரைக்கு ஊசி போட வந்தால்கூட, அது தின்றதை நானே முந்திச் சொல்லிவிடுகிறேன். ராஜா தின்றதை மட்டும் வீட்டுக்காரர் இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறார்.