கொல்லிமலைக்குப் போகுமுன்

சித்திரை பிறந்தால் எங்கள் வீட்டில் வரைபடம் தரைக்கு வந்துவிடும். தமிழ்நாடும் கேரளமும் ஆந்திரத்தின் தென்பாதியும் சேர்ந்த பழைய சாலை வரைபடம். மடிப்புகள் நைந்து, தருமபுரி இருந்த இடத்தில் ஓட்டை விழுந்திருக்கிறது. கைப்பேசியில் பார்த்தால் ஊர் தெரியும், தூரம் தெரியும். அதன்மேல் குப்புறப் படுத்து, முகவாயைக் கையில் தாங்கி, விரலால் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குத் தாவ முடியாது. என் மனைவிக்கு அப்படித் தாவ வேண்டும். எனக்கு அவள் தாவுவதைப் பார்க்க வேண்டும்.

அவள் ஆர்.கே.பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. அம்மையார்குப்பத்துக்காரி, என் மாமன் மகள். வீட்டில் விசைத்தறி ஓடும் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே வளர்ந்த குரல். மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து கூப்பிட்டால் அந்தக் கோடியில் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். அத்தை மகன் என்ற முறையில் சின்ன வயதிலிருந்து என்னைப் பாவா என்று கூப்பிட்டவள். கல்யாணம் அந்தச் சொல்லை மாற்றவில்லை. 'நீ'யை 'நீங்க'வாகவும் மாற்றவில்லை. நான் சென்னையில் ஓர் அச்சகத்துக்குப் பிழை திருத்துகிறேன். திருத்தணியிலிருந்து மின்சார ரயிலில் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம், நடுவே நாளெல்லாம் நாற்காலி. உட்கார்ந்தே தேய்கிற மனிதனுக்கு விடுமுறை என்றால் கால்தான்.

அதனால் உட்கார்ந்து பார்க்கிற ஊர் எங்களுக்கு ஆகாது. வால்பாறையில் தேயிலைச் சரிவுகளில் அட்டை கடிக்கக் கடிக்க நடந்திருக்கிறோம். சிறுமலையில் வழி தப்பி, ஒரு பலாத்தோப்பின் காவல்காரரிடம் திட்டு வாங்கியிருக்கிறோம். கோயம்புத்தூரில் படிக்கிற மகள் எங்களோடு வருவதை எப்போதோ நிறுத்திவிட்டாள். "நீங்க ரெண்டு பேரும் லீவுக்குப் போறீங்களா, போலீஸ் செலக்‌ஷனுக்குப் போறீங்களா?" என்பாள். பக்கத்து வீட்டு அக்காவுக்கு வேறு கேள்வி: "மல மேல சாமி கீற ஊர்ல குந்திகினு, காசக் குடுத்து இன்னொரு மலைக்கு இன்னாத்துக்குப் போறீங்கோ?"

மலை இருப்பதால்தான், அக்கா. தினமும் விடியும்போது அதில் ஏறிவிடுகிறோம். முந்நூற்று அறுபத்தைந்து படி, ஆண்டின் நாளுக்கு ஒன்று என்பார்கள். நாங்கள் அதை விளையாட்டாகவே எடுத்துக்கொண்டு படிகளை மாதங்களாகப் பிரித்து வைத்திருந்தோம். அடிவாரத்தில் சித்திரை, உச்சியில் பங்குனி. மூச்சு வாங்குகிற இடம் புரட்டாசி. குரங்குகள் பையைப் பிடுங்குகிற இடம் தை.

போன ஆடியில் பிள்ளைகளுக்குக் கோகோ சொல்லிக் கொடுக்கையில் அவள் சட்டென்று திரும்பினாள். உடம்பு திரும்பியது, வலது முழங்கால் திரும்பவில்லை. உள்ளே தசைநார் அறுந்துவிட்டது. ஆவணியில் சென்னையில் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் பயிற்சி. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், துண்டை மடித்து முழங்காலுக்கடியில் வைத்து அழுத்தினாள், மணல் பையைக் கணுக்காலில் கட்டித் தூக்கினாள். பிள்ளைகளை எப்படி விரட்டுவாளோ அப்படித் தன் காலையும் விரட்டினாள். பயிற்சி கொடுத்தவர் தையில் அனுமதி கொடுத்தார். படி ஏறலாம், இறங்குவதுதான் மூட்டுக்குப் பாரம், கொஞ்ச நாளைக்கு இறங்க வேண்டாம் என்றார்.

அப்படித்தான் புது வழக்கம் வந்தது. ஏறுவது படியில், இறங்குவது கோயில் பஸ்ஸில். முதல் நாள் மேலே போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. "ஆனியில ஒருவாட்டி, ஆவணியில ஒருவாட்டி, ஐப்பசியில ரெண்டுவாட்டி குந்தினேன்" என்று பஸ்ஸில் மகளுக்குப் போனில் சொல்லிக்கொண்டு வந்தாள், வெளிநாட்டுக்குப் போய் வந்தவளைப் போல. மாசி மாதம் வந்தபோது இரண்டே இடத்தில் உட்கார்ந்தாள். பங்குனி மாதம் முடியும்போது எங்கேயும் உட்காராமல் ஏறினாள். உச்சியில் நின்று, வேர்வையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்தாள். நான் பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை. அவள் காலைப் பார்த்தேன்.

இந்தச் சித்திரையில் வரைபடத்தை விரிக்குமுன்பே நான் ரகசியமாக வேலையைத் தொடங்கியிருந்தேன். ஏலகிரியில் ஏரி இருக்கிறது, படகு இருக்கிறது. ஏற்காட்டிலும் அப்படியே. ஒரு நாள் சாயங்காலம் மாடியில் நின்று ஒரு விடுதிக்குப் போன் செய்தேன். கீழ்த்தளத்தில் அறை இருக்கிறதா, வாசலில் எத்தனை படி, கழிப்பறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா. அந்தப் பக்கத்தில் இருந்தவர் நல்ல மனிதர். "வயசானவங்க யாரனா கூட வராங்களா சார்?" என்று கேட்டார்.

"ஆங்" என்றேன். விளக்கிச் சொல்லச் சோம்பல், அவ்வளவுதான்.

திரும்பினால் அவள் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

துணியை மடித்தாள். என் சட்டைகளைத் தனியாக, தன் சுடிதார்களைத் தனியாக, ஒவ்வொன்றையும் இஸ்திரி போட்டதுபோல் நீவி நீவி அடுக்கினாள். அவள் கோபத்தில் கத்துவாள். அது எனக்குப் பழக்கம். இந்த மௌனம் பழக்கமில்லை. சாப்பிடும்போது ரசம் ஊற்றிவிட்டுச் சொன்னாள்:

"நான் திரும்பி நடக்கணும்னு எட்டு மாசமா உயிர வுட்டுகினு கீறேன் பாவா. யாருக்கோசரம்னு நெனச்ச?"

"உன் காலுக்காகத்தான் நான்..."

"என் கால நான் பாத்துக்கறேன். உன்கூட நடக்கறதுக்கு ஆள் வோணுமா, தள்ளிகினு போறதுக்கு ஆள் வோணுமா? அத்த மட்டும் சொல்லு."

பதில் இருந்தது. வாயில் சோறும் இருந்தது. நான் விழுங்கி முடிப்பதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் வரைபடம் தரையில் கிடந்தது. நாமக்கல்லுக்கு வடக்கே அவள் விரல் அழுத்தி நின்றிருந்தது. கொல்லிமலை. அங்கே ஆகாய கங்கை அருவிக்குப் போக ஆயிரத்துக்கு மேல் படி.

"நம்ம மலை மூணுவாட்டி. நான் ஒரே மூச்சுல ஒண்ணு ஏறறேன். நின்னு நின்னு மூணு ஏற மாட்டனா?"

"மே மாசத்துல தண்ணி இருக்காதே."

"தண்ணி இருந்தா தண்ணியப் பாப்போம். இல்லாங்காட்டி பாறையப் பாப்போம்."

மறுக்க எனக்கு ஆசையில்லை. ஏலகிரிப் படகில் நானும் அவளும் பிளாஸ்டிக் வாத்துக்குள் உட்கார்ந்து மிதிப்பதை நினைத்தாலே எனக்குக் கால் அரித்தது. சரி என்றேன். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, தேர்வில் பெயர் வந்த பிள்ளையின் வெளிச்சம். அன்றைக்கு ரயிலில் போகும்போது, அருவிக்குப் போய் வந்த யாரோ ஒருவர் எடுத்த காணொளியைப் பார்த்தேன். அவர் பேசிக்கொண்டே நடக்கிறார். படிகள் வருகின்றன. வளைந்து வளைந்து, மரத்துக்கு மரம், படிகள். திருவள்ளூர் தாண்டியபோதுதான் எனக்கு உறைத்தது. அவர் இறங்கிக்கொண்டிருக்கிறார். ஆயிரம் படியும் இறக்கம். ஏற்றம் திரும்பி வரும்போதுதான்.

மலையடிவாரத்தில் வாழ்கிறவர்களுக்கு மலை என்றால் கீழேயிருந்து மேலே. எங்களுக்கு வேறு திசையே தோன்றவில்லை. நான்கு மாதம் ஏறி ஏறிப் பழகியிருக்கிறோம், ஒரு படிகூட இறங்கிப் பழகவில்லை. கொஞ்ச நாளைக்கு என்று பயிற்சி கொடுத்தவர் சொன்னது எத்தனை நாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இதை அவளிடம் சொல்லாமல் இருந்துவிடலாமா என்று அரக்கோணம் திரும்பும்வரை யோசித்தேன். சொல்லாமல் ஏற்காட்டையே மெல்ல மெல்ல மறுபடி கொண்டுவந்துவிடலாம். பிறகு ரசம் ஊற்றிய கை நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன்.

அவள் முழங்காலைத் தடவிக்கொண்டாள். "நாம கடைசியா எப்ப இறங்கினோம்?"

"ஆடிக்கு முன்னாடி."

"அப்ப ஞாயித்துக்கெழம இறங்கிப் பாத்துடலாம். முடிஞ்சா கொல்லிமலை. முடியலன்னா..." நிறுத்தினாள். "முடியலன்னா நீ சொல்ற எடத்துக்கு வரேன். வாத்து போட்ல குந்திகினு வரேன்."

அதை அவள் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் மேலே போனோம். வெறுங்காலில் படி சுடுவதற்கு முன் முடித்துவிட வேண்டும். பங்குனியின் கடைசி நாளில், உச்சிப் படியில் நின்று அவள் கீழே பார்த்தாள். ஏறும்போது படிகள் முகத்துக்கு எதிரே இருக்கும், அடுத்தது மட்டும் தெரியும். இறங்கும்போது ஊரே தெரிகிறது, குளம், கூரைகள், ரயில் தடம், அதற்கப்பால் ஆந்திரத்துக் குன்றுகள், எல்லாம் ஒரே சமயத்தில் கீழே கூப்பிடுகின்றன.

நான் இரண்டு படி முன்னால் இறங்கி, அவளைப் பார்த்தபடி பின்னோக்கி நின்றுகொண்டேன்.

"இன்னா பண்ற?"

"விழுந்தா பிடிக்க."

"நான் வுழுந்தா நீயும் சேந்து உருளுவ. பக்கத்துல வா."

பக்கத்தில் போனேன். அவள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து, நல்ல காலை மேல் படியில் ஊன்றி, வலது காலை மெல்லக் கீழே இறக்கினாள். ஒன்று. உதடு இறுகியது. இன்னொன்று. எதிரே ஆந்திரப் பக்கத்திலிருந்து வந்த பெண்கள் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் இட்டபடி ஏறிக்கொண்டிருந்தார்கள். ஈர மஞ்சளில் கால் வைத்தால் வழுக்கும். ஓரமாக, ஓரமாக என்றேன். அவர்களில் ஒருத்தி நிமிர்ந்து, என் மனைவி வாய்விட்டு எண்ணுவதைக் கேட்டு, "ஏம்மா, ஏறச்சொல்ல எண்ணுவாங்க. நீ இன்னா இறங்கச்சொல்ல எண்ணிகினு வர்ற?" என்றாள்.

"போன வருசத்துக்குப் போய்கினு கீறேங்க" என்றாள் என் மனைவி.

மாசி. தை. மார்கழி. ஆண்டு பின்னோக்கிப் போனது. கார்த்திகையில் கம்பியை விட்டுவிட்டாள். அவளுடைய கால் பேசப் பழகுகிற குழந்தையைப் போல, ஒவ்வொரு படியையும் முதலில் தயங்கி, பிறகு உச்சரித்தது. நான் அவள் முழங்காலை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. ஐப்பசியில் என் கண்ணில் ஏதோ ஆடியது. படி ஆடுகிறதா என்று பார்த்தேன். என் தொடை.

நிறுத்தப் பார்த்தேன். நிற்கவில்லை. புரட்டாசிக்குள் போனதும் அடுத்த படிக்குக் காலை இறக்கியபோது முழங்காலுக்குள் ஓர் ஊசி ஏறியது. கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னா பாவா, தொட ஆடுது."

"காத்து."

"சித்திரை மாசத்துல எங்க கீது காத்து? குந்து."

"நீ போ, நான் வரேன்."

"குந்துன்றேன்."

மைதானத்துக் குரல். உட்கார்ந்தேன். அவளும் வலது காலை நீட்டி வைத்துக்கொண்டு மெல்லப் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் முழங்கால் மூட்டின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். "இங்கியா?"

"கொஞ்சம் கீழே."

"எத்தினி நாளா?"

பொய் சொல்ல இடம் இல்லாத அளவுக்கு அவள் விரல் சரியான இடத்தில் இருந்தது. அவளுக்கு அடிபடுவதற்கு முன்பே, போன வைகாசியிலேயே, இறங்கும்போது எனக்கு அது குத்தத் தொடங்கியிருந்தது. சொல்லவில்லை. நாற்காலிக்காரனுக்கு இதெல்லாம் வரும் என்று நினைத்தேன். அப்புறம் அவளுக்கு அறுவை சிகிச்சை. அப்புறம் பஸ். அவளுக்காகத்தான் பஸ்ஸில் வருகிறேன் என்று நான்கு மாதம் நம்பிக்கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து, உள்ளுக்குள் எவ்வளவு நிம்மதியாக வந்திருக்கிறேன். இதை முழுக்க அவளிடம் சொன்னேன். சொல்லி முடித்தபோது ஏறுகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் சிரித்தாள், முதலில் மூக்கால், பிறகு தோள் குலுங்க.

"கம்பி கீதான்னு கேட்டதெல்லாம் உனக்கோசரம்தானா?"

"அப்ப எனக்கே தெரியாது."

"தெரியாதுதான்." சிரிப்பு நின்றது. விரல் மட்டும் என் முழங்காலில் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. "என்னிய மட்டும் நோயாளி ஆக்கிட்டு நீ தனியா நோவ வெச்சிகினு கீற. பெரிய ஆளு."

வெயில் ஏறத் தொடங்கியது. உட்கார்ந்திருந்த கருங்கல் மெல்லச் சூடேறியது. எங்களுக்குக் கீழே பாதி ஆண்டு மிச்சம் இருந்தது. திரும்பி மேலே ஏறினால் பஸ் இருக்கிறது. அது இருவருக்கும் தெரியும்.

"மூணு வாரம் கீது" என்றாள். "தெனம் அம்பது படி. ஏறிட்டு, இறங்கணும். காலைல நான் பண்ற பயிற்சி உனக்கும். மணல் பை தெச்சுத் தரேன்."

"கொல்லிமலையா?"

"கொல்லிமலதான்."

"ஆயிரம் படியும் முடியலன்னா?"

"யாருக்கு மொதல்ல முடியலயோ அங்கியே ரெண்டு பேரும் குந்திடலாம். அங்கேர்ந்து இன்னா தெரியுதோ அதான் நமக்கு அருவி."

எழுவதற்கு எனக்கு அவள் கை வேண்டியிருந்தது. அவளுக்கு என் தோள் வேண்டியிருந்தது. யார் யாரைத் தூக்கினோம் என்று சொல்ல முடியாமல் எழுந்து நின்றோம். பிறகு ஒரு படி அவள், ஒரு படி நான், ஒருவர் இறங்கி நின்று மற்றவர் வரக் காத்திருந்து, ஆவணிக்குள் இறங்கினோம்.