அக்கா வீட்டுக் கிளிக்குப் பின்னணிக் குரல்

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளுக்குப் பெயர் கிளியம்மா. அதற்கு முன்னால் அவளுக்கு அங்கே பெயரே கிடையாது. "கூட்டத்துல அழுற அம்மா", "ஆஸ்பத்திரி நர்ஸ்" என்றுதான் கூப்பிடுவார்கள். படத்தில் யார் மாடிப்படியில் உருண்டாலும் "ஐயோ" என்பது இவள்தான். தொட்டிலில் குழந்தை வீறிட்டால் அதுவும் இவள்தான். பாதி ஆயுசை அடுத்தவர் வாய்க்குள் உட்கார்ந்தே ஓட்டியவள்.

பிறகு ஒரு டிவி தொடர் வந்தது. பெரிய குடும்பம், நடுவில் ஒரு வாயாடிக் கிளி. மாமியார் மருமகளை வறுத்தெடுக்கும்போது, "பெரியம்மா, தொண்டை காஞ்சிடும், தண்ணி குடிச்சிட்டு மிச்சத்தைத் திட்டுங்க" என்னும். சும்மா சொல்லக் கூடாது, அந்தக் குரலில் அப்படி ஒரு கொழுப்பு! சாயங்காலமானால் ஊரே டிவி முன்னால். அசல் கிளியோ ஊமைக் கோட்டான். அலகில் ஒரு வேர்க்கடலையைக் கொடுத்துப் படம் பிடிப்பார்கள். அது மென்றுகொண்டிருக்க, அந்த மெல்லலுக்குத் தோதாக இவள் வசனத்தை நறுக்கி நறுக்கிப் பேசுவாள். அவ்வளவுதான் சங்கதி.

இதை ஊருக்கு யார் போய்ச் சொல்வது? பறவைக் கடைகளில் நிற்க இடமில்லை. கூண்டுக்கு மேலே தொடரின் படத்தை ஒட்டிவைத்து, "அதே ஜாதிதாங்க, ரெண்டே வாரத்துல உங்களைப் பேசவிடாது" என்று கடைக்காரர்கள் கூசாமல் விற்றார்கள். கிளியம்மாவுக்கு முதலில் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் மடியில் கூண்டோடு யாரைப் பார்த்தாலும், நம்மால்தானே என்று உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி.

ஊர் வாங்கட்டும், தொலையட்டும். கூடப் பிறந்த அக்காவுமா வாங்குவாள்?

"அக்கா, அது நான் பேசுறதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்டி. அது நடிக்கிற கிளி, அதுக்கு நீ பேசுற. இது வீட்டுக் கிளி. தானாப் பேசும்."

இந்த நியாயத்துக்கு எந்தக் கோர்ட்டில் போய்ப் பதில் சொல்வது? கிளியம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அக்காவையும் குற்றம் சொல்ல முடியாது. அத்தான் தங்கமான மனுஷன், ஆனால் வார்த்தைக்குக் கடும் பஞ்சம். காலையில் ஒரு "ம்", ராத்திரி ஒரு "ம்". பெற்ற பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில். அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் எல்லாக் கதவும் எப்போதும் சாத்தியே இருக்கும். அக்காவோ அரை மணி நேரம் பேசாமல் இருந்தால் வயிறு உப்பிவிடும் ரகம். கிளி இலவு காத்தது பழைய கதை. இங்கே அக்கா கூண்டுக்கு முன்னால் நாற்காலி போட்டுக்கொண்டு கிளியைக் காத்தாள்.

கிளியும் கற்றுக்கொள்ளாமல் இல்லை. குக்கர் விசிலைக் கற்றுக்கொண்டது. அக்கா ஓடிப்போய் அடுப்பை அணைப்பாள். உள்ளே உருளைக்கிழங்கு கல் மாதிரி கிடக்கும். அத்தான் அதையும் தின்றுவிட்டு "ம்" என்றார்.

இதோடு போயிருந்தால் கதையே இல்லை. அக்கா சும்மா இருக்கமாட்டாமல், "எங்க கிளி என்னமாப் பேசுது தெரியுமா!" என்று லிஃப்டில் தம்பட்டம் அடித்துவிட்டாள். நாளைக்கே வந்து பார்க்கிறோம் என்றார் மூன்றாவது மாடி டீச்சர். அக்கா அலறியடித்துக்கொண்டு போன் போட்டாள்.

"என் மானம் உன் கையிலதான் இருக்கு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை!"

தொழிலில் எத்தனையோ பார்த்தவள்தான், இருந்தாலும் அக்கா வீட்டுப் படுக்கையறைத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பேசுவோம் என்று கிளியம்மா கனவிலும் நினைத்ததில்லை. திரையை ஒட்டிக் கூண்டு. கிளியின் அலகில் வேர்க்கடலை. துணியில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை.

"டீச்சரம்மா, பரீட்சைப் பேப்பரைத் திருத்தாம எங்க வீட்ல என்ன வேலை?" என்றது கிளி.

டீச்சர் சோபாவிலிருந்து நழுவாத குறை. "ஐயோ, என்னைத் தெரிஞ்சு வெச்சிருக்கே!"

ஒரு தடவை என்றது பத்துத் தடவை ஆனது. அக்கா வீட்டுக் கதவு சாத்துவதே இல்லை. அதுவரை அவளை ஏறிட்டுப் பார்க்காதவர்கள் வழியில் நிறுத்தி நலம் விசாரித்தார்கள். மத்தியானமானால் நாலு பேர் வந்து உட்கார்ந்து வம்பளந்தார்கள். அக்காவின் முகத்தில் வந்த களையைப் பார்த்துவிட்டு, இனிமேல் முடியாது என்று சொல்ல கிளியம்மாவுக்கு நா எழவில்லை. ரெக்கார்டிங் முடிந்ததும் பஸ் பிடித்து ஓடிவந்து திரைக்குப் பின்னால் நிற்பாள்.

விளைவு? கட்டடம் முழுக்கக் கிளி. பால்கனிக்கு ஒன்றாகத் தொங்கியது. ஒன்றாவது பேசவேண்டுமே! விடிந்தால் கிளிகளின் கத்தலில் காது கிழிந்தது. சோபா நாசம், விரலெல்லாம் கடி. தன் கிளி ஒரு வணக்கம்கூடச் சொல்லவில்லை என்று டீச்சருக்கு ஆற்றாமை. "உங்களுக்கு மட்டும் எப்படிங்க பேசுது?" என்பார். அக்கா, "எல்லாம் அன்பா வளக்குறதுல இருக்கு" என்று கூசாமல் சொல்வாள். திரைக்குப் பின்னால் தங்கை பல்லைக் கடிப்பாள்.

அந்தச் சமயத்தில் தொடர் முடிந்தது. கடைசிக் காட்சியில் குடும்பமே மொட்டைமாடியில் நின்று கூண்டைத் திறந்துவிட, "போயிட்டு வரேன், யாரும் அழக் கூடாது" என்று கிளி வானத்தில் பறந்து மறைந்தது. பார்த்த ஊர் விக்கி விக்கி அழுதது. அழுது முடித்த கையோடு கட்டடத்தார் கூடி ஒரு முடிவு எடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாரும் கூண்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போவது, அதே மாதிரி சேர்ந்து திறந்துவிடுவது. தொல்லையும் தீரும், புண்ணியமும் சேரும்.

சேதி கேட்டுக் கிளியம்மா ஓடிவந்தாள். "அக்கா, எல்லாம் கூண்டுலயே பொரிஞ்ச குஞ்சுங்க. பாதிக்கு இறக்கையை வேற வெட்டித்தான் வித்திருக்கான். கிளியை வளத்துப் பூனை கையில குடுத்த கதையா ஆயிடும். வேணாம்னு சொல்லேன்."

"சொன்னேன்டி. டிவில பறந்துதேங்கறாங்க."

"அப்ப நான்தான் உண்மையைச் சொல்லணும்."

அக்காவின் முகம் செத்துப்போயிற்று. "சொல்லிட்டு நீ பஸ் ஏறிடுவ. நான் இங்கயே கிடக்கணும். மறுபடியும் ஒரு கதவும் திறக்காது. யோசிச்சுக்கோ."

யோசித்தாள். யோசித்து யோசித்துத் தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடி திருவிழாக் கோலம். கைப்பிடிச் சுவர் நெடுகக் கூண்டுகள். தண்ணீர்த் தொட்டி மேலே காக்கைகள் ஏற்கெனவே இடம்பிடித்து உட்கார்ந்திருந்தன. அதுகளுக்கு யார் சொன்னார்களோ! டீச்சர் தன் கூண்டின் கொக்கியில் கை வைத்தார்.

"டீச்சரம்மா, கையை எடுங்க!"

அந்தக் கிளியின் குரலேதான். எல்லாரும் அக்காவின் கூண்டைப் பார்த்தார்கள். கிளி தேமே என்று இறக்கையைக் கோதிக்கொண்டிருந்தது. நரைத்த தலையும் தோளில் கைப்பையுமாகக் கிளியம்மா முன்னால் வந்தாள்.

"நான்தாங்க பேசினேன். டிவில பேசினதும் நான்தான், அக்கா வீட்ல திரைக்குப் பின்னாடி பேசினதும் நான்தான். கடைசிக் காட்சிக்கு நான் பேசும்போது திரையில வெறும் வானம்தான் இருந்துச்சு. கிளி இங்க வரும்னு நெனச்சுக்கிட்டு பேசுங்கன்னாங்க, பேசினேன். பறந்தது கம்ப்யூட்டர்ல வரைஞ்ச கிளி. நடிச்ச நிஜக் கிளிக்குப் பறக்கவே தெரியாது. இதுங்களுக்கும் தெரியாது."

டீச்சர் கையை எடுத்தார், நல்லவேளை. அடுத்தாற்போல் முகம் சிவந்து, "அப்ப உங்க அக்காவுக்கு இது தெரியுமா?" என்றார்.

"தெரியாது." கண் இமைக்காமல் சொன்னாள் கிளியம்மா. எத்தனை வாய்க்குப் பேசியிருக்கிறாள், இது என்ன பிரமாதம். "அவளையும் நான்தான் ஏமாத்தினேன்."

"கூடப் பிறந்தவங்களையேவா? சீ! ஏங்க, இந்த மாதிரி ஆளை இனிமே வாசப்படி ஏத்தாதீங்க" என்று டீச்சர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அக்கா சும்மா இருந்திருந்தால் போதும். மானமும் மிஞ்சியிருக்கும், டீச்சரும் மிஞ்சியிருப்பார். கையை விடுவித்துக்கொண்டாள்.

"அவ பொய் சொல்றா. திரைக்குப் பின்னாடி நிக்க வெச்சது நான். மாட்டேன் மாட்டேன்னவளை தினமும் நிக்க வெச்சேன்." டீச்சர் பக்கம் திரும்பினாள். "கிளி பேசணும்னு இல்ல டீச்சர். யாராவது நம்ம வீட்டுக்கு வரணும்னுதான்."

ஒருவர் செருமினார். ஒரு அம்மா தன் கூண்டின் மேல் துணியைப் போர்த்தினார். டீச்சர் அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கூண்டைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வெடுக்கென்று சொன்னார்:

"வெயில் மண்டையைப் பிளக்குது. வாங்க, உங்க வீட்டுக்கே போவோம். உக்காந்து திட்டவேண்டியது நெறைய இருக்கு."

அவர் முன்னால் இறங்க, மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கூண்டோடு இறங்கினார்கள். அக்கா வீட்டில் அத்தனை கூண்டு வைக்க இடமேது? பாதிப் பேர் மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தார்கள். டீச்சர் சொன்னபடியே திட்டினார். அக்கா அழுதுகொண்டே எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்தாள். கிளியம்மா திரைச்சீலைக்கு முன்னால், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தன் பங்குத் திட்டையும் வாங்கிக்கொண்டாள்.