சித்தப்பா மாற்றிய துப்பாக்கி

புந்தோங்கில் சித்தப்பாவின் சாவு வீடு. யாரோ எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். அந்த வாசனை பட்டதும் டம்ளரை முகத்திலிருந்து விலக்கிப் பிடித்தேன்.

என் சின்ன வயதில் ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். சித்தப்பாவிடம் அணில் சுடும் சின்னத் துப்பாக்கி ஒன்று இருந்தது. விளிம்பில் அடிபட்டு வெடிக்கும் பொடித் தோட்டா காட்டுப்பன்றிக்குப் பத்தாதாம். நடுவில் அடிபட்டு வெடிக்கும் பெரிய தோட்டாவுக்கு அதை மாற்றினார். ஆயுத பூசையன்று குங்குமம் பூசி, எலுமிச்சம்பழம் நறுக்கிக் கும்பிட்டார்.

"புது ஆயுதம் ரத்தம் பார்க்கணும்லா," என்றார். பிறகு எங்கள் நாயைக் கூப்பிட்டார்: "கருப்பா, சோறு!"

அது வாலாட்டிக்கொண்டே அவரிடம் ஓடியது.

அதைச் சுட்டுவிட்டு, "நல்லா அடிக்குது பாரு," என்று சிரித்தார்.

"ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்காத மனுஷன்லா," என்று சித்தி இப்போது அழுகிறாள். என்னை வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள்.

சாற்றைச் சாக்கடையில் கொட்டினேன். அந்த வாய்க்கு அரிசி போட எனக்குக் கை வரவில்லை.