சரோஜா அக்கா வீட்டு இரவல் தொலைக்காட்சி

1. சனிக்கிழமை காலை ஏழேகாலுக்குப் பிரிக்பீல்ட்ஸில் மினிபஸ் ஏறினேன். ஐம்பது காசு.
2. கோலாலம்பூர் நகர மையத்தில் கிள்ளான் பஸ்ஸுக்கு மாறினேன். இருபது மைல்.
3. கிள்ளானில் டாக்சி எடுத்தேன்.
4. நல உதவி அதிகாரிக்கு முன்பே போய்ச் சேர்ந்தேன். அப்படியும் காரியம் கெடப் பார்த்தது.

காப்பார் சாலை தாண்டி மண் பாதை என்றதும் டாக்சிக்காரர் மூன்று வெள்ளிக் கட்டணத்தை நான்காக்கினார். காரணம் கேட்டேன். "கார் கழுவ நீயா வரப்போற, தங்கச்சி?" என்றார்.

சரோஜா அக்காவின் கணவர் லோரி விபத்தில் இறந்துவிட்டார். எங்கள் மாதர் சங்கத்தின் மூலம் மாத உதவிக்கு விண்ணப்பித்திருந்தோம். அது கிடைக்காவிட்டால் மூத்த மகள் பிரேமா பள்ளியை விட்டுக் கையுறைத் தொழிற்சாலைக்குப் போக வேண்டும். அதிகாரி வீட்டைப் பார்த்துத்தான் முடிவு எழுதுவார். அக்காவுக்கு மலாய் அவ்வளவாக வராததால் பேச்சுக்கு உதவ நான் போனேன்.

கதவைத் திறந்தால் சிவப்பு சோபா, மின்விசிறி, தொலைக்காட்சி. எல்லாம் சாலையோர வீட்டு மேரி ஆன்டி அன்றைக்கு இரவல் கொடுத்தவை.

"அக்கா, இதப் பார்த்தா வசதியா இருக்கீங்கன்னு எழுதிடுவாங்க லா."

"வர்றவங்கள தரையிலயா உக்கார வைக்கிறது? இல்லாதத காட்டித்தான் வாங்கணுமா?"

பிரேமாவின் பள்ளியைத்தான் நினைவூட்டினேன். அக்கா தொலைக்காட்சியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். அங்கேயே இருந்த மேரி ஆன்டி மறுபக்கம். இருவரும் வாசலைத் தாண்டும்போது அதிகாரி எதிரே நின்றார். வைத்திருந்ததைவிட எடுத்துப் போவதுதான் மோசமாகத் தெரிந்தது.

மலாய்க்காரரான அந்த அம்மா, தொலைக்காட்சி யாருடையது என்று கேட்டார். "என்னோடதுதான் மேடம், கெஸ்டுக்குக் குடுத்தேன்" என்று ஆன்டி பாதி தமிழிலும் பாதி மலாயிலும் சொன்னார். அதிகாரி நம்பவில்லை.

மின் வரைபடம் வரைவது என் வேலை. அவரை வெளியே அழைத்துக் கூரையைக் காட்டினேன். மின்கம்பி ஆன்டியின் வீட்டோடு முடிந்திருந்தது. அக்கா வீடு இருந்த பின்வரிசையில் எந்த வீட்டுக்கும் மின்சாரம் இல்லை. உள்ளே திரும்பிய அதிகாரி விசிறியின் பிளக்கைக் கையில் எடுத்து, செருக இடம் தேடினார். பிறகு சிரித்துவிட்டு சோபாவில் உட்கார்ந்தார். அக்கா தேநீர் கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸை நினைத்துக்கொண்டேன். விருந்தாளி வந்தால் நாங்களும் பக்கத்து வீட்டு நாற்காலியைத்தான் போடுவோம். அதை வைத்து யாரும் எங்கள் வருமானத்தைக் கணக்கிட்டதில்லை.

இதை எழுதும் வரை முடிவு வரவில்லை. சோபாவை மேரி ஆன்டி திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. பிரேமா பள்ளிக்குப் போகிறாள்.