இருநூறு வோல்ட்டும் பொங்காத பாலும்

மகன் போன வாரம் ஒரு பிளக் வாங்கி வந்தான். சுவரில் சொருகினால் அதன் நெற்றியில் குட்டித் திரை. எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், எத்தனை வாட் என்று தானே காட்டிவிடுகிறது. மருமகள் கெட்டிலைப் போட்டதும் வோல்ட்டையும் ஆம்பியரையும் மட்டும் பார்த்துவிட்டு நான் மனசுக்குள் பெருக்கினேன். பெருக்கினால் வாட், வகுத்தால் ஓம். சரியாக வந்ததும் ஒரே குஷி. இந்த வயசில் இதிலென்ன குஷி என்று கேட்காதீர்கள். எனக்குக் கல்யாணம் ஆனதே இந்தக் கணக்கால்தான்.

சிரிக்காதீர்கள், நிஜம். கரண்ட் அடுப்பு பார்த்திருக்கிறீர்களா? வட்டமான மண் தட்டு, அதில் வளைந்து வளைந்து ஓடும் பள்ளம், பள்ளத்துக்குள் சுருள் கம்பி. சூடேறும்போது சுட்ட மண்ணும் என்றைக்கோ வழிந்த பாலும் சேர்ந்து ஒரு வாசனை வரும். அதை நினைத்தாலே எனக்கு ஆரணி வீட்டுச் சமையலறைதான் ஞாபகம்.

அப்பா பட்டு நெய்பவர். நான் டிப்ளமோ முடித்துவிட்டு, மோட்டாருக்குக் கம்பிச் சுருள் கட்டும் பட்டறை ஒன்றில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். டிபன் பாக்ஸோடு தெருவில் நடக்கும்போது எனக்கிருந்த திமிர் கலெக்டருக்குக்கூட இருக்காது. அப்போதுதான் களம்பூர் ரைஸ்மில் சூப்பர்வைசர் ஒருவர் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடானது. அவர்கள் வீட்டில் பெண்களை வேலைக்கு அனுப்புவதில்லை என்று தரகர் முன்பே சொல்லிவிட்டார். “பட்டறை கிட்டறைன்னு வாயத் தொறந்தே, அவ்ளோதான்” என்றாள் அம்மா. வேலை போய்விடுமே என்று எனக்கு இரண்டு நாளாகச் சோறே இறங்கவில்லை.

அன்றைக்கென்று பார்த்து கேஸ் தீர்ந்துவிட்டது. வீட்டில் ஒரு கரண்ட் அடுப்பு இருந்தது. வர்றது எட்டுப் பேர், ஒன்று போதாது என்று அப்பா பக்கத்து வீட்டு அடுப்பையும் வாங்கி வந்தார். பிளக் பாயிண்டோ ஒன்றுதான். அறுந்த இழையை நுனியோடு நுனி பிணைத்தே பழகிய கை அல்லவா, ஓர் அடுப்பின் கம்பி முடிகிற இடத்தில் மற்றதைப் பிணைத்து, இரண்டையும் ஒரே நீளமாக்கி மாட்டிவிட்டார். நான் உள்ளே புடவை கட்டிக்கொண்டிருந்தேன்.

எல்லோரும் வந்து உட்கார்ந்து அரைமணி ஆயிற்று. காபி வரவில்லை. “இன்னாங்க, காபிக்கொட்டை பறிக்க ஆள் அனுப்பிச்சிருக்கீங்களா?” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

நான் சமையலறைக்கு ஓடினேன். பால் வெதுவெதுப்போடு நிற்கிறது, அப்பா விசிறியால் விசிறிக்கொண்டிருக்கிறார். கரண்ட் அடுப்பை!

“ஐயோ அப்பா, ஒண்ணக் கழட்டுங்க.”

“கழட்டினா இருக்கிற சூடும் பூடும். இழை நீண்டா சேலை நீளுது. அடுப்பு ரெண்டானா சூடு ரெண்டாவாதா?”

எங்கள் சத்தம் கேட்டு மாப்பிள்ளையே வாசற்படியில் வந்து நின்றார், பின்னாலேயே அவர் அம்மாவும். அப்பா விடவில்லை. “நீங்களே சொல்லுங்க மாப்ளே.”

“மாமா சொல்றதுதாங்க சரி. ரெண்டு அடுப்பு, ரெண்டு பங்கு சூடு. இதுக்கெல்லாம் படிப்பு எதுக்கு?”

படிப்பு எதுக்கா! அம்மாவின் உபதேசம் காற்றில் போயிற்று. பட்டறைப் பையிலிருந்து டாங் டெஸ்டரை எடுத்தேன். கம்பியைக் கவ்விக்கொண்டு ஆம்பியர் சொல்லும் மீட்டர் அது. அடுப்புக்குப் போகும் இரண்டு கம்பியில் ஒன்றை மட்டும் கவ்வினேன்.

“நம்ம லைன்ல வோல்ட் எப்பவும் இருநூறுதான். ஆம்பியர் ரெண்டரை. வகுத்தா எண்பது ஓம். பெருக்கினா ஐந்நூறு வாட். அதையும் ரெண்டு அடுப்பும் பங்கு போட்டுக்குது, பால் எப்படிக் காயும்?”

பிளக்கைப் பிடுங்கி, பக்கத்து வீட்டு அடுப்பைப் பிரித்துவிட்டு மறுபடி மாட்டினேன். கம்பி பாதியானதால் தடையும் பாதி, நாற்பது ஓம். முள் அஞ்சுக்குத் தாவியது. “இப்ப ஒரே அடுப்புல ஆயிரம் வாட்.” சுருள் கம்பி செக்கச்செவேல் என்று ஆனது.

மாப்பிள்ளை முள்ளைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். பிறகு திரும்பி, “அம்மா, நான் சொன்னது தப்பு. அவங்க சொன்னதுதான் சரி” என்றார்.

பெற்ற தாய்க்கு முன்னால், பெண் வீட்டுக்காரர்களுக்கு முன்னால், தப்பு என்று வாய்விட்டுச் சொன்ன ஆம்பளையை அதுவரை நான் கண்டதில்லை. அவரை அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று. எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, “நான் வேலைக்குப் போவேங்க” என்று உளறிவிட்டேன்.

“போங்க. வீட்ல இருந்தா தெனம் எனக்கில்ல மீட்டர் வைப்பீங்க!”

அவர் அம்மா மறுப்புச் சொல்ல வாயெடுத்த நேரம், யாரும் கவனிக்காத பால் புஸ்ஸென்று பொங்கி வழிந்தது. அந்த அம்மா அடுப்பைப் பார்த்தார். அப்புறம் சிரித்துவிட்டார். “பாலே பொங்கிடுச்சு, நான் இன்னா சொல்றது? ஜல்தியா தட்ட மாத்துங்க!”

கல்யாணத்துக்கு அப்புறமும் பட்டறைக்குப் போனேன், கடைசியில் அதை நானே எடுத்து நடத்தினேன். அதில் அவர் சொன்ன சொல் தவறவில்லை. மண் அடுப்பு போய்விட்டது, இருநூறில் திணறும் லைனும் போய்விட்டது. போகட்டும், யாருக்கு வேண்டும் அந்தப் பேஜார்! ஆனால் ஒன்று காணாமல் போனதுதான் எனக்கு ஆறவில்லை. முப்பது வருஷமாகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறேன், ‘நான் சொன்னது தப்பு’ என்று அந்த மனுஷன் இரண்டாவது தடவை சொல்லவே இல்லை.