டிகிரியார் அளந்த குளம்

"இருபத்தேழரை! உங்களுக்கு எவ்வளவுய்யா?"

நூலில் கட்டிய தெர்மாமீட்டரை நீச்சல் குளத்திலிருந்து இழுத்த கையோடு, சட்டையெல்லாம் சொட்டச் சொட்ட, போனில் கேட்டுக்கொண்டிருக்கிறார் இந்த ஊர் நீச்சல் குளத்தின் பொறுப்பாளர். காலை மணி ஆறு பத்து. வணக்கம் கிடையாது, சௌக்கியமா கிடையாது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற நகரத்தின் நீச்சல் குளப் பொறுப்பாளர் பதிலுக்கு ஏதோ சொல்கிறார். இவருக்கு முகம் சிவந்துவிடுகிறது. "இருபத்தெட்டா? யாருகிட்ட கதை விடறே? வெந்நீர் ஊத்தினியா?" என்று போனை வைத்துவிட்டுப் பத்து நிமிடம் பொருமுகிறார். பதினாறு வருடமாக ஒரு நாள் தவறாமல் இதுதான் நடக்கிறது. குளத்துக்கு வரும் பிள்ளைகள் அவருக்கு டிகிரியார் என்று பெயர் வைத்ததில் தப்பே இல்லை.

வயது ஐம்பத்தைந்து. குளோரின் பட்டுப் பட்டு நீலச் சட்டையின் வலது கை மட்டும் வெளுத்துப் போயிருக்கும். கழுத்தில் விசில், பையில் ஸ்க்ரூ டிரைவர். எங்கே ஒரு பலகை சாய்ந்திருந்தாலும் கை துறுதுறுக்கும். அலுவலக மேசை டிராயரில் சாய்வு பார்க்கிற ரசமட்டம்கூட வைத்திருக்கிறார். நன்றாக நீந்தத் தெரியும், ஆனால் நீந்த மாட்டார். "தண்ணிக்குள்ள தலையை விட்டா, மேல எவன் என்ன பண்றான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்பார். குளிக்காமல் குளத்தில் குதிக்கிறவரை அவர் விசில் விடவே விடாது. ஒருமுறை நகர்மன்றத் தலைவரையே ஈரத் துண்டோடு திருப்பி அனுப்பியிருக்கிறார்.

அந்த நகரத்தின் பெயரை அவர் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. "அந்தப் பக்கம்" என்பார், அவ்வளவுதான். பாலத்தைத் தாண்டினால் பஸ்ஸில் இருபது நிமிடம். அந்தப் பக்கத்தில் புதிதாக நாடக அரங்கம் கட்டினார்கள். எண்ணூறு இருக்கை என்று பேப்பரில் போட்டிருந்தது. இவர் பேப்பரை மடக்கி மேசைமேல் அடித்தார். "நம்ம அரங்கத்துல எழுநூத்துத் தொண்ணூறு. பத்து நாற்காலி வாங்கிப் போட நம்ம ஆளுங்களுக்கு வக்கில்லையா?" இன்னொரு நாள், வேகமாக வளரும் நகரம் என்று அந்தப் பக்கத்துக்கு ஏதோ விருது வந்தது. "வளருதாம்! வீங்குதுன்னு சொல்லு." அந்த அரங்கத்துக்குத் தன் தோழியோடு நாடகம் பார்க்கப் போய்விட்டு வந்த மனைவியிடம் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே கேட்டார், "நாற்காலி எப்படி? குஷன் வெச்சதா?"

இதை வைத்து இரண்டு பொறுப்பாளர்களும் ஜென்மப் பகையாளிகள் என்று நினைத்துவிடக் கூடாது. இவருடைய மனைவிக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தபோது மூன்று நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் இவரோடு உட்கார்ந்திருந்தது அந்தப் பக்கத்துப் பொறுப்பாளர், அதாவது அந்தப் பக்கத்தார்தான். அந்த மூன்று நாளும் எந்த ஊர் ஆஸ்பத்திரியில் லிப்ட் அதிகம் என்று இரண்டு பேரும் அடித்துக்கொண்டார்கள். நர்ஸ் வந்து அதட்டிவிட்டுப் போனார்.

சண்டைக்கெல்லாம் மூலம் ஒரு கேடயம். இரண்டு நகரங்களுக்கும் வருடா வருடம் நீச்சல் போட்டி நடக்கும். ஒரு வருடம் இங்கே, மறு வருடம் அங்கே. மொத்தம் பத்தொன்பது போட்டிகள். ஒவ்வொன்றிலும் இதுவரை வந்ததிலேயே சிறந்த நேரம் யாருடையதோ, அவர் பெயர் பொறித்த பித்தளைத் தகடு குளத்துச் சாதனைப் பலகையில் ஏறும். எந்த நகரத்துக்குத் தகடு அதிகமோ கேடயம் அந்த நகரத்துக்கு. இப்போது இவர்களுக்குப் பத்து, அந்தப் பக்கத்துக்கு ஒன்பது. அந்தப் பத்தாவது தகடு, பெண்கள் நூறு மீட்டர் மல்லாந்த நீச்சல், டிகிரியாருடைய ஒரே மகளுடையது. இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே குளத்தில், அந்தப் பக்கத்துப் பெண் ஒருத்தியின் பழைய சாதனையை ஒரு நொடியில் நூற்றில் ஏழு பங்கு வித்தியாசத்தில் முறியடித்தாள். அதற்கடுத்த வருடமே அவளுடைய தோள்பட்டை போய்விட்டது. இனிமேல் போட்டிக்கு நீந்தக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். அவள் பெயருக்கு இந்த உலகத்தில் இருப்பது அந்த ஒரு தகடுதான். அவர் தினமும் அதைத் துடைப்பார். மற்ற ஒன்பதையும் துடைப்பார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இதற்குக் கொஞ்சம் நேரம் கூட ஆகும்.

இந்த வருடம் வினையை விலைக்கு வாங்கியது அவரேதான். போன போட்டியில் அந்தப் பக்கத்துப் பையன்கள் தங்கள் குளத்தில் காட்டிய வேகம் அவருக்குச் செரிக்கவில்லை. "அது எப்படிய்யா எல்லாரும் ஒரே நாள்ல வேகமாயிடுவாங்க? குளம் குட்டைய்யா, குளம் குட்டை!" என்று எல்லோரிடமும் சொன்னார். சொன்னதோடு விடாமல் போட்டிக் குழுவுக்கு நாலு பக்கம் மனு எழுதினார். குழு தொல்லை தாங்காமல் ஒத்துக்கொண்டது. இவர் போய் அந்தக் குளத்தை அளக்க வேண்டும். அவர் வந்து இந்தக் குளத்தை அளக்க வேண்டும். இருபத்தைந்து மீட்டருக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கூட இருக்கலாம், ஒரு மில்லிமீட்டர் குறையக் கூடாது. குறைந்த குளத்தில் எடுத்த சாதனை செல்லாது.

புதன்கிழமை புது ஸ்டீல் டேப்போடு பாலம் தாண்டிப் போனார். இருபத்தைந்து மீட்டர் ஒரு சென்டிமீட்டர். இன்னொரு ஓரத்தில் அளந்தார். அதே அளவு. அந்தப் பக்கத்தார் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார். "என்னய்யா, ஒரு சென்டி அதிகமா நீந்தறோம். அதுக்கும் மனு எழுதப் போறியா?"

பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் கொதித்துக்கொண்டிருந்தார். "ஒரு சென்டி பெருமையைப் பாரு! நம்மது ரெண்டு சென்டி கூட இருக்கும். இருக்கணும்."

மறுநாள் விடிந்ததும் மகளைக் கூப்பிட்டார். டேப்பின் முனையை அந்தச் சுவரில் வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மறுபக்கம் தானே பேண்டோடு தண்ணீரில் இறங்கினார். இருபத்து நான்கு மீட்டர் தொண்ணூற்றேழு சென்டி.

"சரியா பிடிம்மா!"

"சரியாத்தான்ப்பா பிடிச்சிருக்கேன்."

மூன்று தடவை அளந்தார். தொண்ணூற்றேழு, தொண்ணூற்றேழு, தொண்ணூற்றேழு. பிறகு கண் சுவரின் மூலைக்குப் போனது. நீல டைல்ஸ் ஒன்றின் விளிம்பு பெயர்ந்திருந்தது. அதற்குப் பின்னால் பழைய வெள்ளை டைல்ஸ் தெரிந்தது.

யாரைத் திட்டுவது? மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தப் பக்கம் தங்கள் குளத்துக்கு நீல டைல்ஸ் பதித்தது. "அவங்களுக்கு மட்டும்தான் தண்ணி நீலமா தெரியணுமா?" என்று நகர்மன்றத்தில் போய் நின்று கத்தியவர் இவர். டைல்ஸ் ஒட்ட வந்தவர், "பழசைப் பேத்துட்டு ஒட்டவா, மேலேயே ஒட்டவா? பேத்தா ரெண்டு வாரம் ஆகும்" என்று ஒழுங்காகத்தான் கேட்டார். மறு வருடம் இங்கே நடக்க வேண்டிய போட்டிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. "மேலேயே ஒட்டுய்யா!" என்று சொன்ன வாயும் இவருடையதுதான். அந்தச் சுவரில் ஒன்றரை சென்டி, இந்தச் சுவரில் ஒன்றரை சென்டி. அதன் பிறகு இந்தக் குளத்தில் நிகழ்ந்த ஒரே சாதனை அவர் மகளுடையது.

மகள் டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். "நாலு நீளம். மூணு நாலு பன்னெண்டு சென்டி. அதை நீந்த எனக்கு நூத்துல ஒம்போது பங்கு ஆயிருக்கும்ப்பா. நான் ஜெயிச்சது ஏழுல."

"உன்னை இப்ப யாரு கணக்குப் போடச் சொன்னது?" என்று சீறினார். அவள் வேலைக்குக் கிளம்பிப் போனாள். போகும்போது இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டு போனாள்.

மனைவி அன்றைக்கு விடவில்லை. "வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்தா என்ன? குளத்தை அளக்கலைன்னு யாரு அழுதா? பொண்ணு நீந்தினது நீந்தினதுதானே? அவளா டைல்ஸ் ஒட்டினா?" அவருக்கே அந்தக் கேள்விதான். நாலு வருடம் விடியற்காலையில் எழுந்து தண்ணீரில் விழுந்தவள் அவள். தப்பு செய்தது சுவர். சுவரைத் தடிக்க விட்டது அப்பன். தண்டனை மட்டும் அவளுக்கா? இது எந்த ஊர் நியாயம்?

வெள்ளிக்கிழமை காலை ஆறு பத்துக்கு அவர் போன் பண்ணவில்லை. ஆறே காலுக்கு அந்தப் பக்கத்தார் பண்ணினார்.

"என்னய்யா, செத்துட்டியா? டிகிரி சொல்லலை?"

"இருபத்தேழு."

"சரி, கேளு. நாளைக்கு நான் அளக்க வரலை. வீட்ல விருந்தாளுங்க. நீ எப்படியும் நாலு தடவை அளந்திருப்பே. நம்பரைச் சொல்லு, எழுதிக் கையெழுத்துப் போட்டுடறேன். நீ சொன்னா அதுக்கு மேல என்ன இருக்கு?"

வேலைக்குப் போகிற வழியில் வந்த மகள் குளத்து அலுவலகக் கதவருகில் பையோடு நின்றுகொண்டிருந்தாள். போனில் பேனா தட்டும் சத்தம் கேட்டது. ஒரு நம்பர்தான். இருபத்தைந்து என்ற ஒரே ஒரு வார்த்தை. பலகையும் கேடயமும் மகளின் பெயரும் இருந்த இடத்தில் அப்படியே இருக்கும். யாருக்கும் தெரியப் போவதில்லை.

வந்தது பாருங்கள் கோபம்!

"என்னய்யா ஊரு உங்க ஊரு! அளக்க வான்னா விருந்துங்கறே! நான் உன் குளத்துக்கு வரலையா? குனிஞ்சு அளக்கலையா? என் வார்த்தையை நம்பறதுக்கு நீ யாருய்யா? எங்க குளம் என்ன அவ்வளவு கேவலமா, அளக்காமலே கையெழுத்துப் போட? நாளைக்குப் பத்து மணிக்கு டேப்போட வந்து நிக்கறே. இல்லைன்னா ஜென்மத்துக்கும் உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்!"

சனிக்கிழமை பத்து மணிக்கு அந்தப் பக்கத்தார் வந்தார். அளந்தார். டேப்பைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், சற்றுத் தள்ளி நின்ற மகளைப் பார்த்தார். அந்தப் பெண் சின்ன வயதில் அவர் தோளில் ஏறிக் குதித்தவள்தான்.

"டேப்பு தொய்ஞ்சிருக்கும்யா," என்றார் மெதுவாக. "இருபத்தஞ்சுன்னே போட்டுடறேன்."

"தொய்ஞ்சா அளவு கூடுமா, குறையுமா? இதுகூடத் தெரியாத ஆளையா அந்தப் பக்கம் குளத்துக்குப் பொறுப்பு போட்டிருக்காங்க? குடுய்யா இங்க!" என்று காகிதத்தைப் பிடுங்கி, 24.97 என்று தானே எழுதி, அடியில் தன் கையெழுத்தையும் போட்டார். பேனா அழுத்தியதில் காகிதம் கிழிந்தது. அந்தப் பக்கத்தார் கிழிசலுக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை.

பிறகு டிகிரியார் ஸ்டூலை இழுத்துப் பலகைக்கு முன்னால் போட்டு ஏறினார். மகள் வந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். நாலு திருகாணிகளைக் கழற்றினார். மகளின் தகட்டைச் சட்டைப் பையில் போட்டு, பையின் பொத்தானை மாட்டினார். மகளிடம் டிராயரைத் திறந்து அந்தப் பழைய தகட்டை எடுக்கச் சொன்னார். அந்தப் பக்கத்துப் பெண்ணின் தகடு இரண்டு வருடமாகத் துணியில் சுற்றி அங்கேயே இருந்தது. பளபளவென்று இருந்தது.

"இதை இன்னுமா வெச்சிருக்கே?" என்றார் அந்தப் பக்கத்தார்.

"பின்னே தூக்கிப் போடவா? உங்களை மாதிரியா?"

திருகாணிகளை முடுக்கினார். இல்லாத கோபத்தையெல்லாம் ஸ்க்ரூ டிரைவரிடம் காட்டினார். இறங்கி நின்று பார்த்தார்.

"அப்பா," என்றாள் மகள். "இடது பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்கு."

"இருந்தா இருக்கட்டும்மா," என்றார் அந்தப் பக்கத்தார்.

"ஏன் இருக்கணும்? உங்க ஊருப் பேரைக் கோணலா மாட்டிட்டோம்னு நாளைக்கு எங்க தலையில கட்டவா?" என்று முணுமுணுத்துக்கொண்டே டிகிரியார் ரசமட்டத்தைத் தேடி எடுத்தார். மறுபடி ஸ்டூலில் ஏறி, அதைத் தகட்டின் மேல் விளிம்பில் வைத்து, கண்ணைச் சுருக்கிக் குமிழியைப் பார்த்தபடி, இடது பக்கத் திருகாணியைத் தளர்த்தத் தொடங்கினார்.